லைட்டை அணைத்தால் போதுமா?

கரண்ட் பில் வந்த அன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். நீதிபதி அப்பா. குற்றவாளிகள் மற்ற எல்லோரும். "பாத்ரூம் லைட்டை விடிய விடிய எரிய விட்டது யாரு?" "சார்ஜரைப் பிடுங்கி வைங்கன்னு சொன்னா யாராவது கேக்கறீங்களா?" "காலங்காத்தால மிக்ஸி என்ன அந்த ஓட்டு ஓடுது?" தீர்ப்பெல்லாம் வாசித்து முடித்துவிட்டு நீதிபதி ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கும்.

அந்த ஃபேனைப் பற்றிக் கமிஷன் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

யூனிட் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வேலை முடிந்தது. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் வீட்டு விசாரணையில் யாரும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. கண்ணில் படுவதும் காதில் விழுவதும்தான் அங்கே சாட்சி. வெளிச்சம் கண்ணில் படுகிறது, மிக்ஸி காதில் விழுகிறது. ஃபேன் இரண்டிலும் சேராது. ஓடிக்கொண்டிருப்பதே மறந்துபோகும், நின்றால்தான் தெரியும்.

சரி, குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

முதலில் மிக்ஸி. 750 வாட் மிக்ஸி, தினமும் மொத்தமாகப் பத்து நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 60 நாளில் ஏழரை யூனிட். தெருவே எழுந்துகொள்ளும் அளவுக்குக் கத்துகிறதே தவிர, குடிப்பது அவ்வளவுதான். கிரைண்டர் அதைவிடச் சாது. 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் மாவு ஆட்டினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அடுத்து சார்ஜர். போன் மாட்டாமல் சுவிட்சை மட்டும் போட்டு வைத்த இன்றைய சார்ஜர் ஒரு வாட்டில் சிறு பங்குதான் எடுக்கும். 0.2 வாட் என்று வைத்தாலும் 60 நாள் இரவு பகலாகக் கிடந்தால் அரை யூனிட்டைத் தாண்டாது. இதற்காக வீட்டில் நடந்த சண்டைகளை எண்ணினால் யூனிட்டுக்கு இருபது சண்டையாவது தேறும் :-)

மூன்றாவது, அந்தப் பாத்ரூம் லைட். இங்கேதான் விஷயம் இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு இரவு பத்து மணி நேரம் மறந்து எரிந்தால் 60 நாளில் 36 யூனிட். அப்பா கத்தியதில் நியாயம் இருந்தது. அதே இடத்தில் இன்று இருப்பது 9 வாட் எல்.இ.டி. அதே மறதிக்கு விலை ஐந்தரை யூனிட்கூட இல்லை. கூடத்து டியூப்லைட்டும் அப்படித்தான். பழையது 40 வாட், அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த செம்புக்கம்பிச் சோக் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு மேல் தனியாகத் தின்றது. இன்றைய எல்.இ.டி. டியூப் 20 வாட்டில் அதே வேலையைப் பார்க்கிறது.

ஆக, "லைட்டை அணை" என்ற அறிவுரை பொய்யில்லை. அது குண்டு பல்பு காலத்து அறிவுரை. பல்பு மாறிவிட்டது, அறிவுரை அப்படியே நிற்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் "மின் சிக்கனம் தேவை இக்கணம்" என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் இன்றும் முதல் வரியில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஃபேன் மூன்றாவது பக்கத்தில் வரும், அதுவும் பேப்பர் மிச்சம் இருந்தால்.

இப்போது ஃபேன்.

இந்திய வீடுகளில் பல காலமாகச் சுற்றும் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். கேட்பதற்குச் சின்ன எண். மிக்ஸியில் பத்தில் ஒன்று. ஆனால் மிக்ஸி பத்து நிமிடம், ஃபேன் பன்னிரண்டு மணி நேரம். ஹாலில் ஒன்று, இரண்டு படுக்கையறையில் இரண்டு, ஆக மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்று பெருக்கினால் 60 நாளில் 162 யூனிட். சென்னை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் என்பது மிகையான கணக்கு இல்லை. சித்திரை, வைகாசியில் யாராவது ஃபேனை நிறுத்தித்தான் பார்க்கட்டுமே!

இந்த 75 வாட்டில் காற்றாகக் கிடைப்பது கொஞ்சம்தான். சாதாரண ஃபேனுக்குள் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் சுற்றும் பாகத்துக்குள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தமாக்க வேண்டும். அந்த வேலையில் கணிசமான பங்கு சூடாகப் போய்விடுகிறது. ரொம்ப நேரம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுவில் இருக்கும் குமிழைத் தொட்டால் சுடும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பில். (பழைய பெட்டி ரெகுலேட்டர் இன்னும் மோசம். வேகத்தைக் குறைக்க, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும். அதனால் வேகம் குறைந்த அளவுக்குக் கரண்ட் குறையாது. இப்போது வரும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்தக் குறை இல்லை. பெட்டி ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருக்கும் வீடுகளில் முதலில் அதை மாற்றலாம், செலவும் குறைவு.)

இதற்கு மாற்றாக வந்ததுதான் பி.எல்.டி.சி. ஃபேன். சுற்றும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் வைத்துவிட்டார்கள். அதைக் காந்தமாக்கத் தனியாகக் கரண்ட் செலவழிக்க வேண்டியதில்லை. எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்று ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு முடிவு செய்கிறது. அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தருகிறது. வேகத்தைக் குறைத்தால் இன்னும் நன்றாகவே குறையும். முந்தைய கணக்கையே 30 வாட்டில் போட்டால் மூன்று ஃபேனுக்கும் சேர்த்து 65 யூனிட். மிச்சம் 97 யூனிட். ஒருவரும் வியர்க்காமல், ஒருவரையும் திட்டாமல்.

இதில் ஒரு கோயம்புத்தூர்க் கதையும் உண்டு. அந்த ஊரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 'சூப்பர்ஃபேன்' என்ற பெயரில் 35 வாட் சீலிங் ஃபேனை 2012-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இந்த வகையில் முதலில் வந்தவற்றில் ஒன்று அது. 2012 என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன வருடம். இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு அப்போது ஒரே கவலை, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான். பாதிக்கும் குறைவாகக் குடிக்கும் ஃபேன் என்றால் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் ஓடும். கரண்ட் இல்லாத ஊரில்தான் கரண்டின் அருமை தெரியும் என்பது மோட்டார் விஷயத்திலும் சரியாக இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். விலை அதிகம். நல்ல பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் மூவாயிரம் ரூபாய். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை மாற்றிவிட்டு டீக்காசோடு போய்விடுவார். எரிந்துபோனால் காயில் கட்டிக் கொடுக்க ஊருக்கு நாலு கடை இருக்கிறது. இதில் போர்டு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியைக் கூப்பிட்டு, நாலு முறை போன் பண்ணி, காத்திருக்க வேண்டும். வேனிற்காலத்தில் ஒரு வாரம் ஃபேன் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்பது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். ஆகவே வாங்கும்போது வாட் எண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது உத்தரவாதம் எத்தனை வருடம், சர்வீஸ் ஆள் அதே ஊரில் இருக்கிறாரா என்பதைத்தான். இன்னொன்று, இதைப் பழைய ரெகுலேட்டர் வழியாக மாட்டக் கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவிட்சிலிருந்து கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மாட்டிவிட்டு "புது ஃபேன் சரியில்லை" என்று திட்டுபவர்கள் நிறைய.

"எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, ஃபேன் கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரஸர் முழுதாக ஓடும்போது சுமார் 1,500 வாட். ஒரு ஏசி இருபது ஃபேனுக்குச் சமம். அந்த வீட்டில் ஏசியை 18-லிருந்து 26-க்கு ஏற்றி, கூடவே ஃபேனையும் ஓடவிடுவதுதான் முதல் வேலை. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் ஏசிகள் தொடக்கத்திலேயே 24 டிகிரியில் வர வேண்டும் என்று விதியும் வந்தது. ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை. இறக்கிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறார்கள், அது வேறு. ஹீட்டர் விஷயமும் சுருக்கம். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். குளித்து முடித்ததும் அணைத்தால் அதோடு போயிற்று. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றே அச்சடித்திருக்கிறார்கள், நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அதைப் படிப்பது நல்லது.

ஆனால் ஏசி இல்லாத வீடுகள்தான் தமிழ்நாட்டில் மிக அதிகம். அங்கே இரவைத் தள்ளிக்கொடுப்பது ஃபேன்தான்.

இனி ரூபாய்க் கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் (பிறகு விலை ஏறியது, ஆனால் எண்கள் உருண்டையாக இருப்பதால் கணக்குப் போட இதுவே வசதி). இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு, யூனிட் 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. அடுத்த நூறு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 501 முதல் 600 வரை 8 ரூபாய், அதோடு அந்த 2.25 சலுகையும் பறிபோய் 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். அதாவது சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! தங்கத்தில் செய்த கரண்ட் போலிருக்கிறது.

580 யூனிட் ஓடும் வீட்டுக்கு இந்தக் கணக்கில் 2,590 ரூபாய் பில். மூன்று ஃபேனையும் மாற்றி 97 யூனிட் குறைந்தால் 483. பில் 1,623. இரண்டு மாதத்தில் 967 ரூபாய் மிச்சம். வருடம் முழுக்க இதே வெயில் இருக்காது, மார்கழியில் ஃபேன் பாதி நேரம்தான் ஓடும் என்று கழித்தாலும் மூன்று ஃபேனுக்குப் போட்ட ஒன்பதாயிரம் ரூபாய் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். இந்த வீட்டுக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை, கணக்கைக் காட்டினால் போதும்.

இப்போது இன்னொரு வீடு. ஒரே அறை, ஒரே ஃபேன், ஒரு டிவி, இரண்டு பல்பு. 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது, பில் பூஜ்யம். ஃபேனை மாற்றினால் 32 யூனிட் குறையும். பில் அப்போதும் பூஜ்யம். மூவாயிரம் ரூபாய் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. "ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விழிப்புணர்வு இருக்கிறது, கணக்கும் தெரிகிறது. அதனால்தான் வாங்கவில்லை.

அப்படியானால் அந்த 32 யூனிட்டின் லாபம் யாருக்கு? அரசுக்கு. இலவசம் என்றால் யாரும் பணம் கொடுப்பதில்லை என்று அர்த்தமில்லை. 2016 மே மாதம் 100 யூனிட் இலவசம் வந்த நாளிலிருந்து அந்தத் தொகையை மாநில அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கொடுத்து வந்தது. 2022 கணக்கில் அது யூனிட்டுக்கு 4.50 ரூபாய். 32 யூனிட் குறைந்தால் ஒரே அறை வீட்டுக்காக அரசு கொடுக்கும் மானியத்தில் இரண்டு மாதத்துக்கு சுமார் 145 ரூபாய் குறைகிறது. வருடத்துக்கு எண்ணூற்றைம்பதுக்கு மேல். கடை விலைக்கே ஃபேன் வாங்கி இலவசமாக மாட்டிக் கொடுத்தாலும் மூன்றரை, நான்கு வருடத்தில் அரசுக்குப் போட்ட பணம் வந்துவிடும். அதன்பின் ஃபேன் ஓடும் வருடமெல்லாம் லாபம்.

இதைக் கேட்டதும் "இலவசமா? மறுபடியுமா?" என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். தமிழ்நாடு 2006-ல் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது. 2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மேசை ஃபேன் கொடுக்க ஆரம்பித்தது. அரசு ஃபேன் கொடுப்பது இங்கே புதுசே இல்லை. அப்போது எத்தனை வாட் ஃபேன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, அதுதான் விட்ட வாய்ப்பு. கொடுத்த பொருள் ஒவ்வொரு மாதமும் மானியத்தைத் தின்னுமா, மிச்சப்படுத்துமா என்று பார்த்துக் கொடுத்தால் இலவசமும் முதலீடுதான்.

மொத்தமாக வாங்கினால் விலை எப்படி இறங்கும் என்பதற்குப் பல்பே சாட்சி. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில், இ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் கோடிக்கணக்கில் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக ஏலத்தில் வாங்கியது. 2014-ல் ஒரு பல்பு 310 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. 2016-ல் அதே நிறுவனம் 38 ரூபாய்க்கு வாங்கியது. திட்டத்தில் மொத்தம் 36 கோடிக்கு மேல் பல்புகள் விற்றார்கள். குண்டு பல்பை இந்திய வீடுகளிலிருந்து விரட்டியது "விளக்கை அணை" போஸ்டர் அல்ல, இந்த விலை. அதே திட்டத்தில் மின்சிக்கன ஃபேன்களும் இருந்தன. விற்றது சுமார் 23 லட்சம்தான். பல்புக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு ஃபேனுக்குக் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 2023 நவம்பரில்தான் ஒரு கோடி ஃபேன் இலக்கோடு தனித் திட்டம் அறிவித்தார்கள். சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயமானதும் அதே 2023 ஜனவரியில்தான். லேபிள் திட்டம் தொடங்கியது 2006-ல். ஏறக்குறைய வீட்டுக்கு வீடு இருக்கும் பொருளுக்குப் பதினாறு வருடம் கழித்து!

பூஜ்யம் பில் வருகிற வீட்டில் யூனிட் குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கு வடசென்னைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் தயாரிக்க சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். அந்த மூன்று ஃபேன் வீட்டின் 97 யூனிட் இப்படி வந்தது என்றால், இரண்டு மாதத்துக்கு இருபது கிலோவுக்கு மேல் சாம்பல், ஒரே வீட்டுக்கு. வழியில் கம்பியில் இழக்கும் கரண்ட் இந்தக் கணக்கில் இல்லை. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் கலந்தது பற்றி மீனவர்கள் வருடக்கணக்கில் போராடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம். வெயில் ஏற ஏற எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃபேனும் ஏசியும் ஓடுவது இப்படித்தான் ஒரு எண்ணாக மாறுகிறது. இறாலும் நண்டும் பிடித்துக்கொண்டிருந்தவர் வலையில் சாம்பல் சேறு வருவதும் அதே கணக்கின் மறுபக்கம்.

சிக்கனம் என்ற பெயரில் வீட்டுக்குள் நடக்கும் இன்னொன்றும் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. மத்தியானம் எல்லோரும் வேலைக்கும் காலேஜுக்கும் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிமார்கள் பலர் ஃபேன் போடுவதில்லை. "ஒருத்திக்கு எதுக்குடா ஃபேன்" என்பார்கள். விசிறிமட்டையோ முந்தானையோ போதும் அவர்களுக்கு. சமையலறையில் ஃபேனே இல்லாத வீடுகள் எத்தனை! அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு வியர்ப்பது மின் சிக்கனக் கணக்கில் வருவதில்லை. சிக்கனம் என்றால் வெக்கையைத் தாங்கிக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தால், தாங்கிக்கொள்வது எப்போதும் வீட்டில் குரல் குறைந்தவர்தான். கோடையில் வயதானவர்களுக்கு அது வெறும் அசௌகரியமும் இல்லை, உடம்புச் சூடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும் விஷயம். 30 வாட் ஃபேன் ஒரு மத்தியானம் முழுக்க, ஐந்து மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். பாட்டி தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவதை மட்டும் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை. உடம்பின் வியர்வையை உலர்த்தித்தான் குளிர்ச்சி தருகிறது. உடம்பே இல்லாத அறையில் அது மோட்டார் சூட்டை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கும். அப்பாவின் கமிஷன் அந்த வழக்கை எடுத்தால் தாராளமாக ஆதரிக்கலாம்.

மிச்சம் இருப்பது வாடகை வீடு. இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. நகரத்தில் பலருக்கு மேலே சுற்றும் ஃபேன் அவர்களுடையது இல்லை, வீட்டுக்காரருடையது. ஃபேன் வாங்குவது ஒருவர், பில் கட்டுவது வேறொருவர். விலை குறைந்த ஃபேனைத் தேடி மாட்டிவிட்டால் வீட்டுக்காரருக்கு மூவாயிரத்தில் பாதி மிச்சம், அது பத்து வருடம் குடிக்கும் கரண்டுக்குக் குடித்தனக்காரர் கட்டுவார். சப் மீட்டர் வைத்த வீடுகளில் இன்னும் மோசம். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம், எல்லோருடைய யூனிட்டும் சேர்ந்து மேல் படிக்கட்டுக்குப் போய்விடும், இலவச நூறு யாருக்குக் கிடைத்தது என்றே தெரியாது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கட்டணம். அப்படி எட்டு ரூபாய் கட்டுகிற குடும்பம் இரண்டு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு வீணாக்கும் 65 யூனிட்டுக்கு 520 ரூபாய் கொடுக்கிறது. அரசு மானியம் அந்த வீட்டு வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறது. குடித்தனத்துக்குத் தனி இணைப்பு, தனி மீட்டர் என்பதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே இதில் பாதி சரியாகும்.

அதுவரை குடித்தனக்காரர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஃபேன் கொக்கியில் தொங்குவது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவருடைய ஃபேனைக் கழற்றி, துடைத்து, பேப்பர் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டிக்கொள்ளலாம். முதலில் படுக்கையறையில், ஏனென்றால் அதுதான் அதிக நேரம் ஓடுவது. ரெகுலேட்டரைக் கழற்றியதையும் ஒரு டப்பாவில் போட்டுக் கூடவே வைக்க வேண்டும். வீடு காலி செய்யும் அன்று எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. வீட்டுக்காரர் ஃபேன் பழையபடி கொக்கிக்குப் போய்விடும், சொந்த ஃபேன் பாத்திர மூட்டையோடு வண்டியில் ஏறிவிடும். இறக்கைகளைத் தனியாகக் கழற்றி, வளையாமல் மெத்தைக்கு நடுவில் வைத்துக்கொண்டு போவது நல்லது.